கமிற்றி வரும் சனிக்கிழமை

கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்த மாதத்தில் வெள்ளவத்தையிலிருந்த தமிழர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, கொட்டாஞ்சேனையில் தர்மத்தில் நடந்த ஒரு வயோதிபர் மடத்தின் மேற்பார்வைக் கமிற்றிக்குச் செயலாளராக இருந்தவர். போனவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு, தமிழும் ஆங்கிலமும் பிழையில்லாமல் எழுதக்கூடிய, சனிக்கிழமைகளில் வேறு வேலை இல்லாத ஒரு பெண் தேவைப்பட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் என்னுடைய பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கலியாணமாகாத ஆசிரியைக்குச் சனிக்கிழமையில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

கமிற்றியில் என்னோடு நாலு பேர். தலைவி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டில் குடியிருந்த ஒரு நீதிபதியின் மனைவி. அடுத்தவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டொக்ரர். மூன்றாமவர் ஒரு புறக்டர். கோர்ட்டில் பேசுகிற குரலிலேயே தேநீருக்குச் சீனி கேட்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை, நாங்கள் மடத்துக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு நல்ல பராமரிப்புக் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். எந்தச் சனிக்கிழமை என்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே மடத்துக்கு எழுதி அறிவித்துவிடுவோம். சொல்லாமல் போவது மரியாதை அல்ல என்பது தலைவியின் கொள்கை.

மடத்தின் தரத்தை அளப்பதற்கு ஓர் அச்சடித்த தாள் இருந்தது. புறக்டரே தயாரித்தது. சுத்தம், காற்று, வெளிச்சம், உணவு, ஒழுக்கம், தெய்வ சிந்தனை, வாசிகளின் மனநிறைவு என்று ஏழு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: மிக நன்று, நன்று, திருப்தி. ஏதாவது ஒரு கட்டத்தில் சரி போடவேண்டும். திருப்தியில்லாவிட்டால் எங்கே போடுவது என்று நான் கேட்டேன். அப்படி ஒரு நிலைமை இதுவரை ஏற்பட்டதில்லை என்றார் புறக்டர். ஏற்படாததால் கட்டம் போடவில்லையா, கட்டம் போடாததால் ஏற்படவில்லையா என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், அதோடு அவர்களுடைய மோட்டார் காரில் ஏறியிருந்தேன்.

முதல் தடவை போனபோது மடத்தைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம், எல்லாமாக இருபத்துமூன்று பேர். கட்டில்களில் வெள்ளை வெளேரென்று விரிப்பு. எங்கள் வீட்டில் அண்ணாவின் கட்டிலில் கூட அப்படிப்பட்ட விரிப்பு இல்லை. கிழவர்கள் தலைவாரி, கிழவிகள் முக்காடு போட்டு, ஆளுக்கொரு கட்டிலின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பட்டும் படாமலும் உட்காருவதை நான் அடக்கம் என்று எண்ணினேன்.

டொக்ரர் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொன்னார். இருபத்துமூன்று நாக்கையும் இரண்டு முழத் தூரத்தில் நின்று, மூக்கில் வாசனைக் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு பார்த்தார். புறக்டர் தம்முடைய கைத்தடியால் ஜன்னல்களை அளந்து, காற்று போதும் என்று தீர்ப்புச் சொன்னார். தலைவி ஒவ்வொரு கட்டிலாகப் போய், "சுகமா இருக்கிறீங்கள்தானே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தால் பன்னிரண்டு மணிக்குள் முடிக்க முடியாது, ஆகவே காத்திருக்கவில்லை. ஆண்கள் மண்டபத்தில் ஒருவர் மிகவும் நிதானமாகப் பேசுகிறவர். அவர் யோசித்து "இல்லை" என்று சொன்னபோது தலைவி மூன்று கட்டில் தாண்டிப் போயிருந்தார். அந்த "இல்லை" அவருடைய முதுகில் போய் விழுந்தது.

பெண்கள் மண்டபத்தின் கடைசிக் கட்டிலில் ஒல்லியான ஒரு அம்மாள் இருந்தார். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். பேச்சு மலைநாட்டுப் பக்கத்துப் பேச்சு. பெரியாஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டில் அற்றண்டனாக வேலை செய்தவர் என்று மடத்தை நடத்திய மேற்றன் சொன்னார். நான் எதையோ செய்வதாகக் காட்டிக்கொள்ளவேண்டுமே என்று அவருடைய தலையணையை அமுக்கிப் பார்க்கப் போனேன்.

"தொடாதீங்க மிஸ். கலஞ்சி போயிரும்," என்றார் மெதுவாக.

தொட்டுவிட்டேன். உறைக்குள் இருந்தது தலையணை அல்ல. மடித்து வைத்த சாக்கு. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகத்தில் வெட்கமோ முறைப்பாடோ இல்லை. ஒரு தொழிலாளி இன்னொருவருடைய அரைகுறை வேலையைப் பார்க்கிற சலிப்புத்தான் இருந்தது.

"வெள்ளக்கார டாக்டர் வாற அன்னிக்கி நாங்களுந்தான் ஜோடிப்போம். ஆனா ஒரு ஆளு தொட்டாலும் தெரியாது. இவங்களுக்கு வேல பத்தாது மிஸ்," என்றார்.

அதன் பிறகு மேற்றனின் அறையில் எங்களுக்குத் தேநீரும் கேக்கும் கிடைத்தன. ஏழு வரிகளையும் நான் நிரப்பினேன். சாக்கை நினைத்துச் சுத்தத்துக்கு மட்டும் "நன்று" போட்டேன். அதைப் பெரிய துணிச்சல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனச்சாட்சி உறுத்தியதால் நான் மறுபடி போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் போனது என்னுடைய குடையை எடுக்க. மேற்றனின் அறையில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, கிராண்ட்பாஸ் டிராமில் போய், வெயிலில் நடந்து மடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெண்கள் மண்டபம் வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ஆட்கள் இருக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே மேற்றன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானாக நிற்க முடியாத ஒரு கிழவரைக் கிணற்றடிக் கல்லில் சாய்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியோடு எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்த அதே பெண்தான். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த விதவை. மடத்தில் அவருக்குத் துணையாக ஒரேயொரு வேலைக்காரி. அவள் அரிசிக் கூப்பனோடு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். ஒரு மண்டபத்தைப் பார்க்கும்போது மற்ற மண்டபத்தில் யாராவது விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பெண்களைப் பூட்டி வைப்பார்களாம்.

கிழவரைப் படுக்க வைத்தபிறகு மண்டபத்தைத் திறந்துவிட்டார். கட்டில்களில் விரிப்பே இல்லை. தும்பு வெளியே தள்ளிய மெத்தைகள். சில கட்டில்களில் அதுவும் இல்லை, பலகைதான். பன்னிரண்டு பெண்களுக்கு ஒரே ஒரு பெட்பான். அந்த மூத்திரச் சட்டி முதல் கட்டிலிலிருந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கட்டில் அம்மாள், இதெல்லாம் வார்டில் நடக்கிறதுதானே என்பதுபோல, தமக்கு முறை வருவதற்குள் தேவை முடிந்துபோகும் என்று எனக்கு விளக்கினார். தலைகளில் முடி ஒட்ட வெட்டியிருந்தது. சனிக்கிழமை எல்லாரும் முக்காடு போட்டிருந்ததை நான் தெய்வ சிந்தனை என்ற வரியில் சேர்த்து "மிக நன்று" போட்டிருந்தேன்.

நான் மேற்றனிடம் கோபமாகத்தான் கதைக்கத் தொடங்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"பெட்சீற் வேணும், பெட்பான் வேணும், இன்னொரு ஆள் வேணும் எண்டு பதினொரு தரம் எழுதினனான் மிஸ். போன வருஷம் ஹார்மோனியம் அனுப்பினாங்க," என்றார்.

ஹார்மோனியம் மூலையில் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் யாரும் மடத்தில் இல்லாததால் அதன் மேல் மருந்துப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் போத்தல்களை இறக்கிவிட்டு ஒரு பூச்சாடி வைப்பார்கள்.

அப்படியானால் அந்த வெள்ளை விரிப்புகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். நாலாம் கட்டிலில் ஒரு சிங்களக் கிழவி இருந்தார். அவருடைய மகன் மட்டக்குளிப் பக்கம் ஆற்றில் துணி வெளுக்கிற டோபி. கமிற்றி வருகிற வாரம் பெரிய வீடுகளில் எடுத்த துணியை வெளுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் மடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பான். சனிக்கிழமை நாங்கள் போனதும் எடுத்துக்கொண்டுபோய் மறுபடி அலசி, ஸ்திரி போட்டு, உரிய வீடுகளில் சேர்ப்பான். அம்மாவுக்கு நல்லபடி நடக்கவேண்டும் என்பதற்காகச் செய்கிற உபகாரம். அதனால்தான் யாரும் கட்டிலில் நன்றாக உட்காரக் கூடாது. கசங்கினால் அவனுக்கு வேலை இரட்டிப்பு. கமிற்றி வரும்போது கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தால் தம்முடைய வேலை போய்விடும் என்றும், தாம் போனால் வருகிறவள் இந்தளவும் செய்யமாட்டாள் என்றும் மேற்றன் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே நாலு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். விரிப்புக் கதையை மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் டோபியும் மேற்றனும் அகப்படுவார்கள். மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். தலைவியின் வீட்டு ஹோலில், கடற்காற்றில் பறக்காமலிருக்க ஒரு வெள்ளி யானையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, மூவரும் அதை வாசித்தார்கள்.

வாசித்து முடித்ததும் யாருக்கும் அதிர்ச்சியில்லை. நடை கொஞ்சம் கடுமை என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். "ஒரே ஒரு பெட்பான்" என்பதில் "ஒரே" தேவையில்லை என்றார் புறக்டர். "போதாது" என்ற சொல் "மேலும் பெருகுவது விரும்பத்தக்கது" என்று மாறியது. வயதானவர்களுக்குத் தலைமுடி பாரம் என்றும், மத்தியானம் பூட்டி வைப்பது நித்திரைக்கு நல்லது என்றும் டொக்ரர் சொன்னார். தலைவி என்னிடம் அன்பாகத்தான் பேசினார்.

"நீங்கள் யங். எல்லாத்தையும் மனசில எடுக்கிறீங்கள். அடுத்த விசிற்றில எல்லாரும் சேர்ந்து பாப்பம்," என்றார்.

அடுத்த வருகைக்குத் தேதி குறித்து, இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதி அறிவித்தோம். கடிதத்தை எழுதியதும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை மண்டபம் முன்னைவிட அழகாக இருந்தது. கட்டில் விரிப்புகள் ஒரு சுருக்கமில்லாமல், மூலைகள் கத்தி வைத்து வெட்டியதுபோல மடித்துச் செருகியிருந்தன. மேற்றனுக்கு முதல் நாள் காய்ச்சல். அதனால் கடைசிக் கட்டில் அம்மாள் தாமே முன்வந்து, வேலைக்காரியை ஏவிக்கொண்டு எல்லாக் கட்டிலையும் விரித்திருந்தார். வழக்கம்போல விறைப்பாக நின்றார்.

தலைவிக்குப் புதுச் சப்பாத்து. ஆறாம் கட்டிலடியில் வந்ததும் கால் வலி தாங்காமல், அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, ஒரு கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கையை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் நீல நூலில் பூவேலை செய்த இரண்டு எழுத்துகள் இருந்தன. அவருடைய பெயரின் எழுத்தும் அவருடைய புருஷனின் பெயரின் எழுத்தும், கொடியால் பின்னி. அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்கு எழுந்துபோய்ப் பார்த்தார். பிறகு அதற்கடுத்தது. அன்றைக்குத்தான் அவர் கட்டில் கட்டிலாக நின்று, அவசரமில்லாமல், உன்னிப்பாகப் பரிசோதித்தார்.

"இது என்ட பெட்சீற்," என்றார் கடைசியில். "கவர்னர் வீட்டு கெஸ்ட் படுத்த பெட்சீற்."

டொக்ரர் ஆண்கள் மண்டபத்துக்கு விரைந்தார். அவருடைய வீட்டுத் தலையணை உறைகள் நாலு அங்கே சாக்கைச் சுமந்துகொண்டிருந்தன. புறக்டர் தம்முடைய வீட்டுத் துணி எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். ஆனால் தேநீர் மேசை விரிப்பைப் பார்த்ததும் அதன் மூலையைத் திருப்பி, தம்முடைய வீட்டு அடையாளத்தைக் கண்டார். போன தடவை அதன் மேல்தான் அவர் கேக் சாப்பிட்டிருந்தார்.

நான் கடைசிக் கட்டில் அம்மாளைப் பார்த்தேன். எழுத்தை ஏன் மேலே தெரிய விரித்தீர்கள் என்று பிறகு தனியாகக் கேட்டபோதும் அவர் முகம் மாறவில்லை. "எழுத்து போட்ட துணின்னா எழுத்து மேல தெரியணும் மிஸ். பெரியாஸ்பத்திரி சட்டம் அது," என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

பெட்பானைப் பற்றி முடிவெடுக்கப் பதினொரு கடிதமும் ஓர் அறிக்கையும் போதாமலிருந்தது. விரிப்புக்கு மூன்றே நாளில் அவசரக் கூட்டம் கூடியது. டோபியைக் கூப்பிட்டார்கள். அவன் வாசற்படியில் நின்று, "நோனா, அம்மாவுக்காகத்தான்" என்ற அர்த்தத்தில் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னான். தலைவியின் கேள்விகள் வேறு. எத்தனை தடவை? எந்தக் கட்டிலில்? யார் படுத்தது? அந்த ஆளுக்கு என்ன வருத்தம்? மடத்து வாசிகளின் உடல்நிலையைக் குறித்து அவ்வளவு விபரமான கேள்விகள் அந்தக் கமிற்றியில் அதற்கு முன் எழுந்ததில்லை. டொக்ரர் கூட ஒவ்வொருவருடைய தோலையும் நெருங்கிப் பார்த்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

டோபியை விலக்குவது, மேற்றனை வேலையிலிருந்து நீக்குவது என்று தீர்மானமாகும் நேரத்தில் நான் வாய் திறந்தேன். நியாயம் பேசவில்லை, அது அந்த ஹோலில் எடுபடாது என்று தெரிந்திருந்தது. கூட்டக் குறிப்பை எப்படி எழுதுவது என்று ஒரு சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மேற்றனை நீக்கினால் காரணம் எழுதவேண்டும். தலைவி வீட்டு விரிப்பில் மடத்துக் கிழவிகள் இரண்டு வருஷமாகப் படுத்தார்கள் என்று எழுதினால், வருஷ அறிக்கையில் அச்சாகி எல்லா வீட்டுக்கும் போகும். எழுதாவிட்டாலும் மேற்றன் கொட்டாஞ்சேனை முழுவதும் சொல்லிக்கொண்டு போவார்.

"கவர்னர் வீட்டாக்களுக்கும் தெரியவரும்," என்றேன்.

புறக்டர்தான் முதலில் விளங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இந்த மாதிரிப் பொருட்கள் மடத்திலேயே தாராளமாக இருந்தால் இப்படிப்பட்ட குழப்பம் வந்திராது அல்லவா என்று பொதுப்படையாகக் கேட்டார். நானும் பொதுப்படையாக ஓம் என்றேன். அன்று பின்னேரமே நாலு பெட்பானும் இன்னொரு வேலைக்காரியும் தீர்மானமாயின. மேற்றன் தங்கினார். என் வாழ்க்கையில் நான் ஒருவரை மிரட்டியது அந்த ஒரு தடவைதான். வெள்ளவத்தை ரோட்டில் நடந்து வீட்டுக்கு வரும்போது வெட்கப்படவேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. பசித்தது.

விரிப்புகளைத் தலைவி வீட்டுக்குத் திருப்பி எடுக்கவில்லை. எத்தனை தரம் அவித்தாலும் அதில் படுக்க மனம் வராது என்று சொல்லிவிட்டார். துணித் தட்டுப்பாடான காலம். ஆனாலும் அருவருப்பு அதைவிடப் பெரிது. டொக்ரர் வீட்டு உறைகளும் அப்படியே. இவ்வாறு மடத்துக்கு எட்டு விரிப்பு, நாலு உறை, ஒரு மேசைச்சீலை சொந்தமாயின. வருஷ அறிக்கையில் "தலைவி அவர்கள் தமது இல்லத்துச் சொந்தப் படுக்கை விரிப்புகளையே ஏழை வயோதிபருக்கு ஈந்த பெருந்தன்மை" என்று ஒரு பந்தி வந்தது. எழுதியது நான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. டோபியைத் தலைவி விலக்கித்தான் விட்டார். புதிதாக வந்தவன் நீதிபதியின் கோட்டில் ஸ்திரிப்பெட்டியால் ஓர் ஓட்டை போட்டதும் பழையவனையே கூப்பிட்டு அனுப்பினார்.

புது வேலைக்காரி வந்தபிறகு பெண்கள் மண்டபத்தை மத்தியானத்தில் பூட்டவில்லை. முதல் நாள் கதவைத் திறந்து வைத்துவிட்டு மேற்றன் எல்லாரையும் வெளியே வரச் சொன்னாராம். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டு மணி ஆனால் படுக்கவேண்டும் என்று உடம்பு பழகிவிட்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சிங்களக் கிழவி மட்டும் சுவரைப் பிடித்து வந்து விறாந்தையில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொரு ரிக்‌ஷாக்காரனையும் ஏசத் தொடங்கினார். அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

ஆறு மாதத்தில் தலைவியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. என்னுடைய சேவையை மெச்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் ஒரு சபைக்கு என்னை மாற்றியிருப்பதாகவும், மடத்துக் கமிற்றிக்கு வேறொரு பெண்மணி சம்மதித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். நான் பால் சபைக்குப் போகவில்லை. விடுமுறையில் செவ்வாய்க்கிழமைகளில் மடத்துக்குப் போனேன். பரிசோதிக்கும் அதிகாரம் இல்லாதவளை என்ன செய்வது என்று மேற்றனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கையில் ஒரு கத்தரிக்கோலைத் தந்து, நகம் வெட்டிவிடச் சொன்னார்.

கடைசிக் கட்டில் அம்மாளில் தொடங்கினேன். கால் நகங்கள் கொம்பு மாதிரித் தடித்துப் போயிருந்தன. வெந்நீரில் ஊறவைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது விரலில் சதையோடு வெட்டிவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, தண்ணீரும் பஞ்சும் எங்கே இருக்கிறதென்று சொல்லிவிட்டு, மிஸ்ஸுக்கு எழுத்து வேலைதான் சரி என்றார். நான் பஞ்சு எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மற்றக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.